சிங்கப்பூரில் இருந்தபடி யுஎஸ்ஜிஎஸ் தரவை எடுப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ இறுதியாண்டுத் திட்டம் செய்கிறீர்களா? பகலெல்லாம் சைட்டில் நின்றுவிட்டு இரவில் பகுதிநேரப் பட்டப்படிப்புக்கு ஓடுகிறீர்களா? நிலநடுக்கம், நகர வெப்பம், சதுப்புநிலக் காடு, கடலை நிரப்பிய நிலம் என்று எந்தத் தலைப்பை எடுத்தாலும், "யுஎஸ்ஜிஎஸ்-இல் தரவு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வழிகாட்டும் ஆசிரியர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு நீங்கள் தனி.

யுஎஸ்ஜிஎஸ் என்பது அமெரிக்க உள்துறையின் கீழ் இயங்கும் புவியியல் ஆய்வு மையம். நிலநடுக்கம், எரிமலை, வெள்ளம், செயற்கைக்கோள் படம், காட்டுயிர், கனிமம் என்று எல்லாவற்றையும் ஆராய்ந்து, பெரும்பாலானதை இலவசமாகப் பொதுவில் வைக்கிறது. இலவசம் என்பதால் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே இருப்பதில் சிங்கப்பூருக்குப் பொருந்துவது எது, பொருந்தாதது எது என்று பிரித்தெடுப்பதில்தான் வாரங்கள் கரைந்துபோகும். அந்த நேரத்தை மிச்சப்படுத்தத்தான் இந்தக் கட்டுரை.

1. கேள்வியை முதலில் எழுதி வையுங்கள்

ஒரே ஒரு வரி போதும். "2014-க்கும் 2024-க்கும் இடையில் தெங்காவில் மரப்பரப்பு எவ்வளவு குறைந்தது?" என்பது கேள்வி. "சிங்கப்பூரின் சுற்றுச்சூழல்" என்பது கேள்வி அல்ல. இடம், காலம், அளக்கப்போகும் பொருள் மூன்றும் அந்த வரியில் இல்லையென்றால் கணக்குத் திறக்கவே வேண்டாம். ஜிபி ஜிபியாக இறக்கி வன்தட்டை நிரப்புவதில்தான் போய் முடியும்.

2. கணக்கும் ஆவணமும்

நிலநடுக்கப் பட்டியலைப் பார்க்கவும் இறக்கவும் கணக்கு தேவையில்லை. செயற்கைக்கோள் படங்களுக்கான எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் தேடிப் பார்க்கலாம், ஆனால் இறக்குவதற்குக் கணக்கு வேண்டும். பெயர், மின்னஞ்சல், முகவரி, எந்த நிறுவனம், தரவை எதற்குப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்று கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். சிங்பாஸ், பாஸ்போர்ட், வேலை அனுமதி அட்டை, கடன் அட்டை எதுவும் கேட்கமாட்டார்கள். எங்காவது கேட்டால் நீங்கள் வேறு தளத்தில் நிற்கிறீர்கள். முகவரி யுஎஸ்ஜிஎஸ் டாட் கவ் என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மின்னஞ்சலைவிடச் சொந்த மின்னஞ்சல் நல்லது. படிப்பு முடிந்ததும் கல்லூரி முகவரி முடங்கிப்போகும், அதோடு கணக்கின் கடவுச்சொல்லை மீட்கும் வழியும் போய்விடும்.

இன்னொன்று, அனுமதிக் கடிதம். "தரவைப் பயன்படுத்த அனுமதி வாங்கினாயா?" என்று கல்லூரியில் ஒரு படிவம் நீட்டுவார்கள். உடனே அமெரிக்காவுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. தேவையே இல்லை. யுஎஸ்ஜிஎஸ் தானே உருவாக்கிய தரவு அமெரிக்காவில் பொதுவுடைமை, அதாவது பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாதது. மூலத்தைக் குறிப்பிடச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். படிவத்தில் "பொதுவுடைமைத் தரவு, மூலம் குறிப்பிடப்படும்" என்று எழுதி, தளத்தின் பதிப்புரிமைப் பக்கத்தை அச்சிட்டு இணைத்துவிடுங்கள். அந்தத் தளத்தில் உள்ள எல்லாப் புகைப்படங்களும் அவர்களுடையவை அல்ல என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். வேறொருவர் பெயர் போட்ட படமென்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

3. நிலநடுக்கப் பட்டியல்: நான்கு பொறிகள்

சிங்கப்பூருக்கு அடியில் பெரிய பிளவு இல்லை. நமக்கு வரும் அதிர்வு பெரும்பாலும் சுமத்ராவிலிருந்துதான். அதனால் பட்டியலைத் தேடும்போது சிங்கப்பூரை மையமாக வைத்து ஒரு வட்டம் போடுவது வழக்கம். அட்சரேகை 1.35, தீர்க்கரேகை 103.82, அப்புறம் ஆரம்.

முதல் பொறி இந்த ஆரத்தில்தான். 500 கிலோமீட்டர் என்று போட்டால் 2009 செப்டம்பர் 30 பாடாங் நிலநடுக்கம் கிடைக்கும். ஆனால் 2005 மார்ச்சில் நியாஸ் தீவருகே ஏற்பட்ட 8.6 அளவு நிலநடுக்கம் ஏறக்குறைய 760 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 2004 டிசம்பர் 26-இன் 9.1 அளவு நிலநடுக்கத்தின் மையம் 900 கிலோமீட்டரை ஒட்டி வரும். இரண்டையும் விட்டுவிட்டுச் சிங்கப்பூரின் நில அதிர்வு வரலாறு என்று தலைப்புப் போட்டால் தேர்வாளர் சிரிப்பார். 1,000 கிலோமீட்டர் வையுங்கள்.

இரண்டாவது, நேரம். பட்டியலில் உள்ளது உலகப் பொது நேரம். நமக்கு 8 மணி நேரம் கூட்ட வேண்டும். நியாஸ் நிலநடுக்கம் பட்டியலில் மார்ச் 28, 16 மணி 9 நிமிடம் என்று இருக்கும். சிங்கப்பூரில் அப்போது மார்ச் 29, நள்ளிரவு தாண்டி 9 நிமிடம். உள்ளூர்ச் செய்தித்தாளோடு ஒப்பிடும்போது ஒரு நாள் இடறும். கோப்பைத் திறந்ததும் முதல் வேலையாகச் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு தனி நெடுவரிசை சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது, ஆழம். வரிசையாக 10 கிலோமீட்டர், 33 கிலோமீட்டர் என்று அதே எண்கள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். பூமி அப்படி ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. ஆழத்தைக் கணிக்கப் போதிய தகவல் இல்லாதபோது கணினிக்குக் கொடுக்கும் நிலையான மதிப்புகள் அவை. ஆழத்தை வைத்து வரைபடம் போடப்போகிறீர்கள் என்றால் இந்த வரிகளைத் தனியே பிரித்து, அதை அறிக்கையில் சொல்லியும் விடுங்கள்.

நான்காவது, சின்ன நிலநடுக்கங்கள். அமெரிக்காவுக்கு வெளியே ஏறக்குறைய 4.5 அளவுக்கு மேற்பட்டவைதான் இந்தப் பட்டியலில் முழுமையாக வரும். 3 அளவு அதிர்வுகள் சுமத்ராவில் இல்லவே இல்லை என்பதுபோல் தோன்றும். அவை இந்தோனேசியாவின் வானிலை, புவி இயற்பியல் அமைப்பான பிஎம்கேஜி-யின் பட்டியலில் இருக்கும். எந்த அளவிலிருந்து எண்ணுகிறீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஒரு தேடலில் 20,000 நிகழ்வுகள்தான் கிடைக்கும். அதற்கு மேல் போனால் பிழைச் செய்தி வரும். பத்தாண்டு பத்தாண்டாகப் பிரித்து சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். முழு வேலையும் ஒரு மாலையில் முடிந்துவிடும். பட்டியல் நிலையானது அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். புதிய நிலநடுக்கம் முதலில் தானியங்கிக் கணிப்பாக வரும், பிறகு ஆய்வாளர் பார்த்து அளவையும் இடத்தையும் திருத்துவார். கோப்பில் அந்த நிலையைச் சொல்லும் நெடுவரிசை இருக்கிறது. இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே போட்டுவைத்தால் பின்னால் வாக்குவாதம் வராது.

கட்டுமானத் துறையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கட்டட வடிவமைப்புக் கணக்குப் போட முடியாது. அதற்குச் சிங்கப்பூரின் தேசிய இணைப்போடு கூடிய யூரோகோட் 8 என்ற நிலநடுக்க வடிவமைப்பு விதித்தொகுப்பு இருக்கிறது, மண் வகையைப் பொறுத்து விதிகள் மாறும். அதிர்வு உணரப்பட்டால் உள்ளூர் அறிவிப்புக்குச் சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

4. செயற்கைக்கோள் படம்: மேகத்தோடு மல்லுக்கட்டு

பெரும்பாலோர் வருவது இதற்குத்தான், அதிகம் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

பூமியைப் படமெடுக்கும் லேண்ட்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களில் லேண்ட்சாட் 8, 2013-இல் ஏவப்பட்டது. லேண்ட்சாட் 9, 2021-இல். ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேல் வரும். இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒரு படம். ஆண்டுக்கு 45 படம் கிடைக்குமே என்று கணக்குப் போடாதீர்கள். சிங்கப்பூருக்கு மேல் அவை கடப்பது நம் நேரப்படி காலை ஏறக்குறைய 11.15 மணிக்கு. அந்த நேரத்தில் தீவு முழுக்க மேகமில்லாமல் இருக்கும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எர்த் எக்ஸ்ப்ளோரரில் நான்கு தாவல்கள் உண்டு: சர்ச் கிரைட்டீரியா, டேட்டா செட்ஸ், அடிஷனல் கிரைட்டீரியா, ரிசல்ட்ஸ். இடத்தைப் பெயர் போட்டுத் தேடுவதைவிட, பாதை 125, வரிசை 59 என்று கொடுங்கள். லேண்ட்சாட் படங்களின் இடத்தைக் குறிக்கும் எண்கள் இவை. சிங்கப்பூர் முழுவதும் அந்த ஒரே சட்டத்துக்குள், அதாவது ஒரு படத்தின் பரப்புக்குள், அடங்கும். டேட்டா செட்ஸில் லேண்ட்சாட் கலெக்‌ஷன் 2 லெவல் 2 என்பதைத் தேர்ந்தெடுங்கள். லெவல் 1-ஐ எடுத்தால் வளிமண்டலத் திருத்தத்தை, அதாவது காற்றும் தூசியும் படத்தில் ஏற்படுத்தும் மாற்றத்தை நீக்கும் வேலையை, நீங்களே செய்ய வேண்டும். ஆரம்பநிலைத் திட்டத்துக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

மேக அளவு என்ற வடிகட்டியை 10 விழுக்காடு என்று வைத்து, "படமே இல்லை" என்று கைவிடுபவர்கள் நிறையப் பேர். அந்த விழுக்காடு 185 கிலோமீட்டர் அகலமுள்ள முழுச் சட்டத்துக்கானது. ஜோகூரும் ரியாவ் தீவுகளும் கடலும் அதில் சேர்த்தி. நம் தீவோ கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர்தான். மொத்தத்தில் 40 விழுக்காடு மேகமுள்ள படத்தில் சிங்கப்பூர் பளிச்சென்று தெரியலாம். 8 விழுக்காடு மேகமும் நேராக ஜூரோங்கின் மேல் உட்கார்ந்திருக்கலாம். வடிகட்டியை 60 வரை தளர்த்திவிட்டு, முன்னோட்டப் படங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். வேறு குறுக்குவழி இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிப்ரவரி, மார்ச்சில் வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

புகைமூட்டக் காலத்துப் படங்களையும் ஒதுக்கிவையுங்கள். 2013 ஜூனிலும் 2015-இன் பிற்பகுதியிலும் மேகம் இல்லாததுபோல் தெரியும் படங்கள் கிடைக்கக்கூடும். மேகம் எங்கே இருக்கிறது என்று குறிக்கப் படத்தோடு வரும் தரக்குறியீட்டுப் பட்டை, மெல்லிய புகையைச் சில நேரம் பிடிப்பதில்லை. தாவரக் குறியீடு (படத்தில் பசுமையை அளக்கும் எண்) திடீரென்று விழுந்தால் மரத்தை வெட்டிவிட்டார்கள் என்று எழுதுமுன், அன்றைக்குக் காற்றுத்தரம் எப்படி இருந்தது என்று பாருங்கள்.

பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுபவர்களுக்கு இன்னொரு சங்கடம். லேண்ட்சாட் 7-இன் ஒரு பாகம் 2003 மே 31-இல் பழுதானது. அதன் பிறகு வந்த படங்களில் கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கும், ஒவ்வொன்றிலும் சுமார் 22 விழுக்காடு காணாமல் போயிருக்கும். உங்கள் கணினியில் எந்தக் கோளாறும் இல்லை. முடிந்தால் லேண்ட்சாட் 5-ஐத் தேடுங்கள்.

இறக்கும்போது முழுப் பொதியை எடுத்தால் ஒரு படம் 1 ஜிபி அளவுக்கு வரும். பட்டைகளை, அதாவது ஒவ்வொரு வகை ஒளிக்கும் உள்ள கோப்புகளை, தனித்தனியாகவும் இறக்கலாம். தாவரக் குறியீட்டுக்கு லேண்ட்சாட் 8, 9-இல் பட்டை 4, பட்டை 5, கூடவே தரக்குறியீட்டுப் பட்டை போதும். கோப்பின் பெயரில் இரண்டு தேதிகள் இருக்கும். முதலாவது படம் எடுத்த நாள், இரண்டாவது அதைச் செயலாக்கிய நாள். இரண்டாவதைப் போட்டு அறிக்கை எழுதினால் ஆய்வே ஆண்டு மாறிப்போகும்.

அப்புறம், படப்புள்ளிகளில் உள்ள எண்களை உண்மையான அளவுகளாக மாற்றும் சூத்திரம். இணையத்தில் கிடைக்கும் பல பாடங்கள் பழைய கலெக்‌ஷன் 1-க்கு எழுதியவை. அவற்றில் 0.0001-ஆல் பெருக்கச் சொல்வார்கள். இப்போது கிடைப்பது கலெக்‌ஷன் 2 மட்டுமே. இதில் தரைப் பிரதிபலிப்புக்கு 0.0000275-ஆல் பெருக்கி 0.2-ஐக் கழிக்க வேண்டும். 10,000 என்ற எண்ணைப் பழைய முறையில் மாற்றினால் 1.0 வரும், அதாவது விழுந்த ஒளி முழுவதையும் திருப்பி அனுப்பும் தரை. புதிய முறையில் 0.075. வித்தியாசம் புரிகிறதா? தரை வெப்பநிலைக்கு 0.00341802-ஆல் பெருக்கி 149-ஐக் கூட்டினால் கெல்வின் வரும், அதிலிருந்து 273.15-ஐக் கழித்தால் செல்சியஸ். 46,000 என்ற எண் 33 பாகையை ஒட்டி வந்தால் உங்கள் சூத்திரம் சரி.

வெப்பத் தீவு (சுற்றுப்புறத்தைவிட நகரம் சூடாக இருப்பது) பற்றி எழுதுபவர்களிடம் ஒரு கருத்து. உங்களிடம் இருப்பது காலை 11.15 மணியின் தரை வெப்பம். காற்றின் வெப்பமும் அல்ல, இரவின் வெப்பமும் அல்ல. நகர வெப்பத் தீவு தெளிவாகத் தெரிவது இரவில்தான். லேண்ட்சாட்டின் வெப்பப் பட்டை உண்மையில் 100 மீட்டர் நுணுக்கம்தான், அதை 30 மீட்டருக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒரு வீவக புளோக்குக்கும் அடுத்த புளோக்குக்கும் வெப்ப வேறுபாடு கண்டேன் என்று எழுதினால் எடுபடாது. துவாஸ் தொழிற்சாலைகளின் உலோகக் கூரைகளில் வரும் விநோத எண்களையும் அப்படியே நம்ப வேண்டாம்.

30 மீட்டர் உங்களுக்குப் போதாது என்றால் ஐரோப்பாவின் செண்டினல் 2 பக்கம் போங்கள். 10 மீட்டர் நுணுக்கம், அதுவும் இலவசம். பத்து ஆண்டுப் படங்களைச் சேர்த்து மேகமில்லாத ஒரே கலவைப் படம் செய்ய வேண்டுமென்றால் கூகுள் எர்த் எஞ்சின் வசதி. வணிக நோக்கமில்லாத திட்டம் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும்.

5. உயரத் தரவு

எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவும் எர்த் எக்ஸ்ப்ளோரரிலேயே கிடைக்கும், 30 மீட்டர் நுணுக்கத்தில். இது 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடார் கொண்டு அளந்தது. அது பார்த்தது மேற்பரப்பை, வெறும் தரையை அல்ல. புக்கிட் தீமாவில் மர உச்சியும் தோ பாயோவில் அடுக்குமாடிகளும் சேர்ந்துதான் உயரமாகப் பதிவாகியிருக்கும். 2000-க்குப் பிறகு கடலை நிரப்பிய இடங்கள் அதில் நிலமாகவே இருக்காது. கடல்மட்ட உயர்வால் எந்தப் பகுதி மூழ்கும் என்று இதை வைத்து வரைபடம் போட்டவர்களின் அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். பெரிய வண்ணப் படம், உள்ளே சரக்கு இல்லை. ஒரு மீட்டர் வேறுபாட்டைச் சொல்லும் துல்லியம் இந்தத் தரவுக்குக் கிடையாது.

6. உள்ளூர்த் தரவோடு சேர்க்கும்போது

லேண்ட்சாட் படம் யூடிஎம் என்ற உலக ஆயமுறையின் (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) 48 வடக்கு மண்டலத்தில் வரும். நிலப் போக்குவரத்து ஆணையம் போன்ற உள்ளூர் அமைப்புகளின் வரைபடக் கோப்புகள் எஸ்விஒய்21 என்ற சிங்கப்பூர் ஆயமுறையில் இருக்கலாம். மாற்றாமல் ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டால் சிராங்கூன் ரோடு கடலில் கிடக்கும். இலவச வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்-இல் இதை மாற்ற இரண்டு நிமிடம் போதும். மென்பொருளில் எஸ்விஒய்21-இன் எண் 3414, யூடிஎம் 48 வடக்கின் எண் 32648. எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

நகரத் திட்டப் பகுதிகளின் எல்லைகள் அரசின் திறந்த தரவுத் தளத்தில் உள்ளன. தினசரி மழை, வெப்பநிலைப் பதிவுகளை வானிலை ஆய்வகத்தின் தளத்தில் நிலையவாரியாக மாதம் மாதமாக இறக்கலாம்.

காட்டுயிர்த் தரவுக்கு யுஎஸ்ஜிஎஸ் பக்கம் போக வேண்டாம். அவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் வட அமெரிக்காவுக்கானது. தேசியப் பூங்காக் கழகத்தின் எஸ்ஜி பயோஅட்லஸ், உலக அளவிலான உயிரினப் பதிவுத் தளமான ஜிபிஐஎஃப் இரண்டிலும் தேடுங்கள். கனிமம், மணல் பற்றி எழுதுபவர்களுக்கு யுஎஸ்ஜிஎஸ் ஆண்டுதோறும் வெளியிடும் கனிமச் சுருக்கத் தொகுப்பு உதவும், அதுவும் இலவசம்.

7. வெளியே போய் அளக்கப்போகிறீர்களா?

படத்தில் பார்த்ததைத் தரையில் சரிபார்க்க சுங்கை பூலோவுக்கோ மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டுக்கோ போகத் தோன்றும். நடைபாதையில் நடந்து பார்ப்பது வேறு. பாதையை விட்டு இறங்குவது, அளவுச் சட்டம் போடுவது, கருவி பொருத்துவது, இலையோ மண்ணோ எடுப்பது வேறு. அதற்கெல்லாம் தேசியப் பூங்காக் கழகத்தின் ஆய்வு அனுமதி வேண்டும். ஆய்வுத் திட்டம், இடங்களைக் குறித்த வரைபடம், தேதிகள், செய்முறை, உடன் வருபவர்களின் பெயர், வழிகாட்டும் ஆசிரியரின் விவரம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். விலங்குகளைப் பிடிப்பதோ தொடுவதோ என்றால் கல்லூரியின் விலங்கு ஆய்வு நெறிக்குழுவின் ஒப்புதலும் முன்னதாக வேண்டும்.

இது இன்று போட்டு நாளை வருவது அல்ல. வாரக்கணக்கில் ஒதுக்குங்கள். செமஸ்டர் தொடங்கிய பிறகு விண்ணப்பித்தால் அனுமதி வரும்போது அறிக்கை ஒப்படைக்கும் தேதி வாசலில் நிற்கும். டிரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால், 250 கிராமுக்கு மேற்பட்டதைச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும், இடத்தையும் உயரத்தையும் பொறுத்துத் தனி அனுமதியும் வேண்டும். விமானத்தளங்கள் நெருக்கமாக இருக்கும் ஊர் இது. முதல் திட்டத்துக்கு டிரோனே வேண்டாம் என்பது என் எண்ணம்.

8. செலவும் காலமும்

தரவுக்குச் செலவில்லை. மென்பொருளுக்கும் இல்லை. யாராவது லேண்ட்சாட் படத்தைத் திரட்டித் தருகிறேன் என்று பணம் கேட்டால் இலவசப் பொருளை விற்கிறார் என்று அர்த்தம். உங்களுக்கு ஆகும் செலவு ஒரு வெளி வன்தட்டும், பேருந்துக் கட்டணமும்தான். கைப்பேசி டேட்டாவில் இறக்காதீர்கள். கல்லூரியின் வைஃபையில் இறக்குங்கள். விடுதியில் எட்டுப் பேர் பகிரும் இணைப்பில் 1 ஜிபி கோப்பு பாதியில் அறுந்துபோகும், மறுபடியும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

காலத்தை இப்படிப் பிரிக்கலாம். கணக்கும் நிலநடுக்கப் பட்டியலும் ஒரு வார இறுதி. படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க இரண்டு வாரம், இதைக் குறைக்க முயற்சி செய்யாதீர்கள். சூத்திரம், ஆயமுறை, மேகம் நீக்குதல் இன்னொரு இரண்டு வாரம். கள அனுமதி தேவையென்றால் இவை எல்லாவற்றுக்கும் முன்பே அதைப் போட்டுவிட வேண்டும்.

சந்தேகம் கேட்க லேண்ட்சாட் தரவு மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். அது தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகருக்கு அருகில் இருக்கிறது. அவர்கள் அலுவலகம் திறக்கும்போது நமக்கு இரவு 9, 10 மணி. மாலையில் அனுப்பினால் காலையில் பதில் இருக்க வாய்ப்புண்டு. வெள்ளி இரவு அனுப்பினால் செவ்வாய்வரை பொறுக்க வேண்டியிருக்கலாம். நவம்பர் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் அங்கே விடுமுறை. அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிதி ஒதுக்கீடு இழுபறியாகி அரசு முடங்கினால் உதவிப் பிரிவு பேசாமலே போகலாம். 2018 டிசம்பரில் தொடங்கியது 35 நாள் நீடித்தது, 2025 அக்டோபரில் தொடங்கியது 43 நாள். தேவையான படங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுங்கள்.

9. மூலக் குறிப்பு

அறிக்கையில் ஒவ்வொரு படத்துக்கும் செயற்கைக்கோளின் பெயர், பாதை, வரிசை, எடுத்த தேதி, கலெக்‌ஷனும் லெவலும், நீங்கள் இறக்கிய தேதி, "யுஎஸ்ஜிஎஸ் வழங்கியது" என்ற வரி ஆகியவற்றை எழுதுங்கள். நிலநடுக்கப் பட்டியலுக்குத் தேடிய வட்டம், குறைந்தபட்ச அளவு, தேதி வரம்பு. பட்டியலை இறக்கியதும் தேடல் பக்கத்தின் முழு முகவரியையும் நகலெடுத்து ஒரு கோப்பில் ஒட்டிவையுங்கள். நீங்கள் கொடுத்த நிபந்தனைகள் எல்லாம் அந்த முகவரிக்குள்ளேயே இருக்கும். தேர்வாளர் கேட்டால் அதையே திறந்து காட்டலாம்.